ஜனவரியில் சிம்லா, மணாலி: பனிப்பொழிவு கிடைக்குமா, மூடுபனியில் மாட்டுவோமா?

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பொங்கல் விடுமுறையை ஒட்டி மனைவி, இரண்டு குழந்தைகள், எழுபது வயது அம்மாவுடன் டெல்லி, அமிர்தசரஸ், சிம்லா, மணாலி போகலாம் என்றிருக்கிறோம். குழந்தைகளுக்குப் பனிப்பொழிவைக் காட்ட வேண்டும். அம்மாவுக்கு லேசான ஆஸ்துமா உண்டு. இந்த முறை குளிர் குறைவு என்று ஒரு செய்தி, கடுங்குளிர் என்று இன்னொரு செய்தி. எதை நம்பி டிக்கெட் போடுவது?"

பிப்ரவரி முதல் பாதிக்குத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். இதுதான் என் முதல் யோசனை. பொங்கலை ஒட்டித்தான் விடுமுறை கிடைக்கும் என்றால் ஜனவரியிலும் போகலாம். ஆனால் ஊர்களின் வரிசையையும், எந்த நேரத்தில் பயணம் செய்கிறீர்கள் என்பதையும் மாற்றியாக வேண்டும்.

வடக்கு மலைகளுக்குக் குளிர்காலத்தில் பனியைக் கொண்டுவருபவை மேற்கத்திய இடையூறுகள். மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக வானில் வெகு உயரத்தில் வேகமாக வீசும் ஜெட் காற்றோடு கிழக்கே நகர்ந்து வரும் காற்றழுத்தத் தாழ்வுகள் இவை. மாதத்துக்கு நாலைந்து வரலாம். ஆனால் சிம்லா உயரத்தில் பனி கொட்டும் அளவுக்கு வலுவானவை அவற்றில் ஒன்றோ இரண்டோதான். ஒன்றுகூட இல்லாத மாதமும் உண்டு.

உங்கள் பயணத்துக்கு முக்கியமான விஷயம் இனிமேல்தான் வருகிறது. இடையூறு வரும்போது வானம் மூடும், மலையில் பனி, சமவெளியில் மழை. மேகம் போர்த்தியிருப்பதால் சமவெளியில் அந்த இரவுகளில் குளிர் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். அது கடந்து போனதும் வானம் வெளுக்கும், வடமேற்கிலிருந்து குளிர்காற்று இறங்கும். மழையில் நனைந்த மண், தெளிந்த வானம், அசையாத காற்று மூன்றும் சேர்ந்தால் பஞ்சாப் முதல் டெல்லி, உத்தரப்பிரதேசம் வரை மூடுபனி பிடித்துக்கொள்ளும். அதாவது, குழந்தைகள் மணாலியில் பனியில் விளையாடி முடித்து நீங்கள் கீழே இறங்கும் நாளில்தான் சமவெளியில் பார்வை மறைய வாய்ப்பு அதிகம். பனி கிடைத்த பயணத்தில்தான் திரும்பும் விமானம் தாமதமாகும். ஆகவே திரும்பும்போது ஒரு நாளாவது கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

செய்திகள் முரண்படுவது பற்றிக் கேட்டீர்கள். 2024–25 குளிர்காலத்தை எடுத்துக்கொள்வோம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நாட்டின் பெரும்பாலான பகுதிகளில் வெப்பநிலை இயல்பைவிடக் கூடுதலாக இருக்கும், குளிர் அலை நாட்கள் குறையும் என்று இந்திய வானிலை ஆய்வு மையம் சொல்லியிருந்தது. அப்படிச் சொன்ன டிசம்பரிலேயே ஸ்ரீநகரில் ஓர் இரவு மைனஸ் 8.5 டிகிரி. பல பத்தாண்டுகளில் அங்கே பதிவான மிகக் குளிர்ந்த டிசம்பர் இரவுகளில் அதுவும் ஒன்று. 27, 28 தேதிகளில் வலுவான இடையூறு ஒன்று வந்தது. டெல்லியில் ஒரே நாளில் 41.2 மில்லிமீட்டர் மழை, காஷ்மீரில் கனத்த பனி, மணாலிக்கு மேலே சோலாங்கில் ஆயிரக்கணக்கான சுற்றுலாப் பயணிகள் வண்டிகளோடு சிக்கி, போலீஸ் மீட்டுக் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஒரு வாரத்துக்குள், ஜனவரி 3, 4 தேதிகளில் டெல்லி விமான நிலையத்தில் மணிக்கணக்கில் பார்வைத் தூரம் பூஜ்ஜியம். அப்புறம் பிப்ரவரியில் காஷ்மீரின் பனிச்சறுக்கு ஊரான குல்மார்க்கில் பனி போதவில்லை என்று தேசிய குளிர்கால விளையாட்டுப் போட்டியையே மார்ச்சுக்குத் தள்ளி வைத்தார்கள்.

இதில் அறிவிப்பு பொய்த்தது என்று சொல்ல மாட்டேன். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் அறிவிப்பு அது. எந்தத் தேதியில் பனி விழும் என்று அதில் தேடுவது வீண். பசிபிக் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவை வைத்துக் கணக்குப் போடுவதும் அப்படித்தான். எல் நினோ இருந்தால் வடக்கு மலைகளில் குளிர்கால மழையும் பனியும் கூடும் என்பது பொதுவான போக்கு. ஆனால் 2023–24-இல் நல்ல வலுவான எல் நினோ இருந்தும் 2024 ஜனவரி முதல் வாரங்களில் குல்மார்க் சரிவுகள் பழுப்புப் புல்லாகக் கிடந்தன. மாதக் கடைசியில்தான் பனி வந்தது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? டிக்கெட் போடும்போது பருவ அறிவிப்பைப் பற்றிக் கவலைப்படாமல், திருப்பித் தரக்கூடிய அறைகளாகப் போடுங்கள். வானிலை மையம் ஒவ்வொரு வியாழக்கிழமையும் அடுத்த நான்கு வாரங்களுக்கான கணிப்பை வெளியிடுகிறது. கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு அதைப் பாருங்கள். அதில் வடமேற்கு இந்தியாவுக்கு மழை கூடுதல் என்று இருந்தால் நல்ல சகுனம். ஐந்து நாள் முன்பிருந்து சிம்லா வானிலை மையத்தின் மாவட்ட எச்சரிக்கைதான் பேச வேண்டும். ஆரஞ்சு நிற எச்சரிக்கை வந்தால் அன்று மலை ஏறாதீர்கள், சண்டிகரிலேயே தங்கி மறுநாள் புறப்படுங்கள். புதுப்பனி எப்படியும் ஓரிரு நாள் இருக்கும்.

பனியைத் தேடும்போது நாள் கைகொடுக்காவிட்டாலும் உயரம் கைகொடுக்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். சிம்லா சுமார் 2,200 மீட்டர், மணாலி சுமார் 2,000. ஊருக்குள் மழையாக விழுவது, சிம்லாவைத் தாண்டி இன்னும் உயரத்தில் இருக்கும் நார்கண்டாவிலும், மணாலிக்கு மேலே சோலாங்கிலும் பனியாக விழும். மணாலிக்கு மேலே உள்ள ரோத்தாங் கணவாய் குளிர்காலத்தில் மூடியிருக்கும். ஆனால் 2020-இல் திறந்த 9 கிலோமீட்டர் அடல் சுரங்கத்தைத் தாண்டினால் 3,000 மீட்டருக்கு மேலே லாஹௌல் பள்ளத்தாக்கு; சிஸ்ஸு பக்கம் ஜனவரியில் பெரும்பாலும் தரையில் பனி கிடக்கும். புதுப்பனி விழுந்த நாட்களில் சோலாங்குக்கு மேலே நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜின் விசை போகும் 4x4 வண்டிகளை மட்டும்தான் விடுவார்கள். உள்ளூர் வண்டியில், உள்ளூர் டிரைவரோடு போங்கள். நிழல் விழும் வளைவுகளில் ரோட்டின் மேல் கண்ணாடி மாதிரி பனிக்கட்டி படிந்திருக்கும், பழகாதவர்கள் கண்ணுக்கு அது ஈரமாகத்தான் தெரியும். காலை பத்து மணிக்கு முன் ஏற வேண்டாம், மாலை நாலு மணிக்குள் இறங்கிவிடுங்கள்.

இனி சமவெளி. நம் ஊர்க்காரர்கள் பலரும் ஸ்வெட்டரை மலைக்கு என்று எடுத்து வைத்துவிட்டு, அமிர்தசரஸில்தான் நடுங்குகிறார்கள். மூடுபனி கலையாத நாட்களில் சமவெளியில் சூரியனே எட்டிப் பார்க்காது. மதியம்கூடப் பத்துப் பன்னிரண்டு டிகிரியில் நிற்கும். அதே நேரம் சிம்லா அந்த மூடுபனிப் போர்வைக்கு மேலே நல்ல வெயிலில் இருக்கும். இரவிலும் கனத்த குளிர்காற்று தாழ்வான சமவெளியில் தேங்குவதால், அமிர்தசரஸும் ஹரியானாவின் ஹிசாரும் சிம்லாவைவிடக் குளிர்ந்துபோகும் நாட்கள் நிறைய.

டிசம்பர் கடைசி வாரம் முதல் ஜனவரி மூன்றாம் வாரம் வரைதான் இது உச்சம். உங்கள் தேதிகள் சரியாக நடுவில் விழுகின்றன. பிப்ரவரியில் மூடுபனி குறைந்துவிடும், இடையூறுகள் வருவது குறையாது. முதலில் சொன்ன யோசனைக்குக் காரணம் அதுதான்.

ஜனவரிதான் என்றால், அமிர்தசரஸை விட்டுவிடுங்கள். டெல்லிக்கு மதியம் இறங்கும் விமானமாகப் பாருங்கள். டெல்லியில் 50 மீட்டர் பார்வைத் தூரத்திலும் தரையிறங்க வசதி இருக்கிறது. ஆனால் புறப்படுவதற்கு 125 மீட்டராவது வேண்டும் என்பதால் காலை விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தேங்கும். டெல்லி–சண்டிகர் நெடுஞ்சாலையில் காலை பதினொன்றுக்கு முன்பும் இருட்டிய பிறகும் போகவே போகாதீர்கள். அங்கே மூடுபனியில் ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள் மோதும் விபத்துகள் ஆண்டுதோறும் நடக்கின்றன.

அம்மாவை நினைத்துத்தான் எனக்கு அதிகக் கவலை. மூடுபனியைத் தேக்கி வைக்கும் அதே அசையாத காற்று டெல்லியின் புகையையும் தேக்கி வைக்கிறது. டெல்லியில் ஓர் இரவுக்கு மேல் வேண்டாம். இரவு தங்காமலே சண்டிகர் போக முடிந்தால் இன்னும் நல்லது. வெளியே வரும்போது என்95 முகக்கவசம் போடச் சொல்லுங்கள். கிளம்புமுன் அவருடைய டாக்டரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். இன்ஹேலரைப் பெட்டியில் வைக்காமல் உடம்போடு ஒட்டிய உள்பையில் வையுங்கள். கேன் சில்லிட்டுப் போனால் மருந்து சரியான அளவில் வராது.

இன்னொன்று, அறையில் கரி அடுப்பு கொண்டுவந்து வைக்கிறோம் என்றால் மறுத்துவிடுங்கள். கதவை மூடிய அறையில் அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போகும். பனியில் வண்டி சிக்கினாலும் இதே ஆபத்துதான். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரியில் பனிப்புயலில் சிக்கிய கார்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். வண்டி நின்றுவிட்டால் ஹீட்டரைத் தொடர்ந்து ஓடவிடாமல் அவ்வப்போது மட்டும் போடுங்கள், பின்னால் புகைக்குழாயை மூடியிருக்கும் பனியைத் தள்ளிவிடுங்கள், ஒரு ஜன்னலைக் கொஞ்சம் இறக்கியே வையுங்கள். அறை எடுக்கும்போது மின்சார ஹீட்டர் உண்டா, மின்சாரம் போனால் ஜெனரேட்டரில் அது ஓடுமா என்று போனில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.