கிருபைக்குக் கீழ் இருக்கிறவர்களை நியாயப்பிரமாணத்தின் சாபம் தொடுமா?

கேள்வி: தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒன்று) கொடுப்பதும் உபவாசம் இருப்பதும் நின்றுபோனதால்தான் எனக்கு வேலை போனது, நியாயப்பிரமாணத்தை, அதாவது மோசே வழியாக வந்த கட்டளைகளை, மீறுகிறவர்களுக்கு உபாகமம் 28-இல் உள்ள சாபம் என்மேல் இருக்கிறது என்று சபையில் சிலர் சொல்கிறார்கள். கிருபைக்குக் கீழ் இருக்கிறவர்களுக்கும் இது பொருந்துமா?

பதில்:

பொருந்தாது. கிறிஸ்துவை விசுவாசிக்கிற உங்கள்மேல் அந்தச் சாபம் இல்லை. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை போய், அடுத்த மாதத்தை எப்படித் தள்ளுவது என்று தெரியாமல் இருக்கிறவருக்கு நீண்ட விளக்கத்தைப் படிக்கிற மனநிலை இருக்காது. உங்களிடம் இதைச் சொன்னவர் சண்டைக்கு வந்து சொல்லியிருக்க மாட்டார். அக்கறையாக, தனியாகக் கூப்பிட்டு, "ஏதாவது குறை வச்சிருக்கீங்களான்னு யோசிச்சுப் பாருங்க"ன்னு சொல்லியிருப்பார். அப்படிச் சொல்வதுதான் ராத்தூக்கத்தைக் கெடுக்கும். நமக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற சந்தேகத்துக்கு ஒரு சாட்சி கிடைத்த மாதிரி ஆகிவிடும்.

நான் போதகன் இல்லை, வேதாகமக் கல்லூரியில் படித்தவனும் இல்லை. ஆனால் இந்தப் பயம் ஒரு மனிதரை என்ன செய்யும் என்பதை என் அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அப்பாவுக்குக் கணக்கு எழுதுவதுதான் பிழைப்பு. வேலையில் இருந்த ஒழுங்கை ஜெப வாழ்க்கைக்கும் கொண்டுவந்தார். அவரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. இடது ஓரத்தில் மாதம், பிறகு சம்பளம், அதில் பத்தில் ஒன்று, கொடுத்த தேதி. கடைசிக் கட்டத்தில் உபவாச நாட்கள். கோடு எல்லாம் அடிமட்டம் வைத்து சிவப்பு மையில் போட்டது. அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அவராகவே விரும்பித்தான் எழுதினார். சிறுவயதில் அந்த நோட்டைப் பார்க்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். இன்றும் அந்த ஒழுங்கின்மேல் எனக்கு மரியாதை உண்டு. இதைப் படித்துவிட்டு "அப்பாவின் பக்தியைக் குறை சொல்கிறான்" என்று யாரும் எழுத வேண்டாம்.

அவர் சிறுநீரகம் பழுதாகிப் படுத்த பிறகு ஒரு சபை மூப்பர் ஜெபிக்க வந்தார். நல்ல மனிதர், பெயர் வேண்டாம். ஜெபத்தின் நடுவே, "ஆண்டவரே, இந்தச் சகோதரனிடத்தில் அறிக்கையிடப்படாத மீறுதல் ஏதாவது இருந்தால் இப்போதே வெளிப்படுத்தும்" என்றார். ஜெபம் முடிந்து, தண்ணீர் குடித்து, வந்தவர் போய்விட்டார். அன்று ராத்திரி அப்பா அந்த நோட்டைக் கேட்டார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாய்ப் புரட்டினார். ஒரு வருஷத்தில் நாலைந்து கட்டங்கள் வெறுமையாய் இருந்தன. என் தங்கைக்கு அறுவை சிகிச்சை நடந்த சமயம் அது. அந்த வெற்றுக் கட்டங்களின்மேல் விரலை வைத்துக்கொண்டு, "இதைக் கூட்டிச் சொல்லு, பாக்கியைக் கட்டிடணும், அதுக்கு முன்னாடி நான் போகக் கூடாது" என்றார். ஆயுள் முழுக்க ஆலயத்துக்குப் போன மனிதர். சாகும் நேரத்தில் பரலோகத்துக்குக் கடன் பாக்கி இருக்கிறது என்று நடுங்கினார். எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது! அந்த மூப்பர்மேல் வந்த கோபம்கூட இல்லை அது. இத்தனை வருஷம் அத்தனை பிரசங்கம் கேட்ட மனிதருக்கு ஆபிரகாம் தூங்கிப்போன கதையை யாரும் நிறுத்திச் சொல்லவில்லையே என்ற கோபம்.

அன்றைக்கு அவருக்கு ஆதியாகமம் 15-ஐ வாசித்தேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்லப் போகிறேன்.

பிள்ளையில்லாத ஆபிராமிடம் (பிற்பாடு ஆபிரகாம் என்று பெயர் மாறினவர்) தேவன் நட்சத்திரங்களைக் காட்டி, உன் சந்ததி இப்படி இருக்கும் என்கிறார். அவர் விசுவாசிக்கிறார், அது அவருக்கு நீதியாக எண்ணப்படுகிறது. பிறகு தேசத்தைப் பற்றிய வாக்கு வருகிறது. "எதனால் அறிவேன்" என்று ஆபிராம் கேட்கிறார். மூன்று வயதுள்ள கிடாரி, வெள்ளாடு, ஆட்டுக்கடா, ஒரு காட்டுப்புறா, ஒரு புறாக்குஞ்சு கொண்டுவரச் சொல்கிறார் தேவன். மிருகங்களைத் துண்டித்து எதிரெதிரே வைக்கிறார் ஆபிராம். பறவைகளை மட்டும் துண்டிக்கவில்லை. பிணந்தின்னிப் பறவைகள் இறங்க இறங்கத் துரத்திக்கொண்டே இருக்கிறார்.

இந்தத் துண்டங்கள் எதற்கு என்பதற்கு எரேமியா 34-இல் விடை இருக்கிறது. எருசலேம் பிரபுக்கள் கன்றுக்குட்டியை இரண்டாக வெட்டி, அதன் நடுவே நடந்து உடன்படிக்கை செய்திருந்தார்கள். வாக்கை மீறினால் இந்தக் கன்றுக்குட்டியின் கதிதான் எனக்கும் என்பது அந்த நடைக்கு அர்த்தம். ஆகவே ஆபிராமும் நடக்க வேண்டும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். ஆனால் சூரியன் சாயும்போது அவருக்கு அயர்ந்த நித்திரை வருகிறது. இருட்டிய பிறகு புகைகிற சூளையும் அக்கினிஜுவாலையும் மட்டும் துண்டங்களின் நடுவே கடந்துபோகின்றன. அவை தேவனுடைய பிரசன்னத்தின் அடையாளம். தேவன் தனியாக நடக்கிறார்.

அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்போ ஆபிரகாம் நடக்கலையா?" என்றார்.

"இல்லப்பா, தூங்கிட்டாரு."

"அவரு பங்குக்கு என்ன செஞ்சாரு?"

"காக்கா கழுகை விரட்டினாரு. அவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கலாத்தியர் 3-ஐ வாசிக்கச் சொன்னார். அதில் அப்போஸ்தலன் பவுல் ஒரு கணக்கரைப் போலவே வருஷக் கணக்கு போடுவார். வாக்குத்தத்தம் முதலில் வந்தது, நியாயப்பிரமாணம் 430 வருஷத்துக்குப் பிறகு வந்தது. பின்னால் வந்தது முன்னால் உறுதியானதைத் தள்ளிவிட முடியாது என்கிறார். உடன்படிக்கையின் அடையாளமான விருத்தசேதனம்கூட ஆபிரகாமுக்குப் பிறகுதான் (ஆதியாகமம் 17-இன்படி 99-ஆம் வயதில்) வந்தது, அவர் நீதிமானாக எண்ணப்பட்டது அதற்கு வெகு முன்பே என்று ரோமர் 4-இல் இதே வாதத்தைத் தொடர்கிறார். தேதி பார்த்துப் பழகின அப்பாவுக்கு இது சட்டென்று பிடிபட்டது. "முந்தின பத்திரம்தான் செல்லும்" என்றார்.

அதோடு பயம் போய்விட்டது என்று எழுதினால் அது உண்மையாகாது. மறுபடியும் சில ராத்திரிகள் கேட்டார், மறுபடியும் வாசித்தேன். ஒரு நாள், பாக்கி என்று எடுத்து வைத்திருந்த பணத்தை, ராத்திரியில் அவரைப் பார்த்துக்கொள்ள வந்த ஒரு பெண்ணிடம் கொடுக்கச் சொன்னார். அந்தப் பெண்ணின் வீட்டில் கஷ்டம். "நோட்டில் எழுதட்டுமா?" என்று கேட்டேன். "எதுக்கு?" என்றார். என்னைப் பொறுத்தவரை அந்த ஒரு வார்த்தைதான் கலாத்தியர் 5:13-க்கு நான் கேட்ட மிகச் சிறந்த விளக்கம். சுயாதீனத்திற்கு அழைக்கப்பட்டீர்கள், அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியஞ்செய்யுங்கள் என்கிற வசனம் அது.

எங்கள் உறவினர்களில் சிலர், சாகக்கிடந்தவரைத் தசமபாகம் கட்டவிடாமல் தடுத்தேன் என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். பேசட்டும். அப்பா பயமில்லாமல் போனார் என்பது எனக்குத் தெரியும்.

இனி உபாகமம் 28. அதில் 68 வசனங்கள். முதல் 14 ஆசீர்வாதம், மீதி முழுவதும் சாபம். கானானுக்குள் போகக் காத்திருந்த இஸ்ரவேலருக்கு மோவாபில் சொல்லப்பட்டது. அதைத் தசமபாகத்துக்கு மட்டும் எடுத்து வீசுகிறவர்கள் அதற்கு முந்தின வசனத்தை, 27:26-ஐ, பார்க்க வேண்டும். பிரமாணத்தின் வார்த்தைகளையெல்லாம் கைக்கொண்டு நடவாதவன் சபிக்கப்பட்டவன் என்று அங்கே இருக்கிறது. யூத மரபு மொத்தம் 613 கட்டளைகள் என்று எண்ணுகிறது. அந்தச் சாபத்தின்கீழ் ஒருவரை நிறுத்த வேண்டுமானால் அத்தனையின் கீழும் நிறுத்த வேண்டும், சொல்கிறவரும் கூடவே வந்து நிற்க வேண்டும். பவுல் இந்த வசனத்தைத்தான் கலாத்தியர் 3:10-இல் எடுக்கிறார். மூன்று வசனம் தள்ளி, கிறிஸ்து நமக்காகச் சாபமாகி, நியாயப்பிரமாணத்தின் சாபத்திற்கு நம்மை நீங்கலாக்கி மீட்டுக்கொண்டார் என்று முடிக்கிறார். மீறினால் வெட்டப்படுவேன் என்று நடந்தவர், நாம் மீறியதற்காகத் தாமே வெட்டப்பட்டார். இதற்குப் பிறகும் சாபம் பாக்கி இருக்கிறது என்றால் சிலுவையில் நடந்தது என்ன?

"ஆபிரகாம் சாலேமின் ராஜாவும் ஆசாரியனுமான மெல்கிசேதேக்குக்குத் தசமபாகம் கொடுத்தாரே, அது நியாயப்பிரமாணத்துக்கு முந்தினதாயிற்றே" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். கொடுத்தார். யுத்தத்தில் பிடித்த கொள்ளையிலிருந்து கொடுத்தார். கொடுக்கச் சொல்லிக் கட்டளையும் இல்லை, கொடாவிட்டால் சாபம் என்ற மிரட்டலும் இல்லை. தசமபாகம் கொடாதவர்கள் தேவனை வஞ்சிக்கிறார்கள் என்கிற மல்கியா 3-ஐ உரக்க வாசிக்கிறவர்கள் உபாகமம் 14-ஐயும் வாசித்தால் நல்லது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அந்தப் பத்தில் ஒன்று நிலத்தில் பங்கில்லாத லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் அவர்கள் ஊரிலேயே சாப்பிடக் கிடைக்க வேண்டும் என்று அங்கே இருக்கிறது. வேலை போனவர் அந்தப் பட்டியலில் வாங்குகிறவர்கள் பக்கம் நிற்பவர். நான் கொடுப்பதற்கு எதிரி இல்லை, இன்றும் கொடுக்கிறேன். விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல என்று கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறதே, அப்படிக் கொடுக்கிறேன்.

"அப்படியானால் இஷ்டத்துக்குப் பாவம் செய்யலாமா?" என்பது அடுத்த கேள்வி. இதைப் பவுலிடமே கேட்டிருக்கிறார்கள், ரோமர் 6 முழுக்க அதற்குப் பதில்தான். கிருபைக்குக் கீழ்ப்பட்டிருப்பதால் பாவம் உங்களை மேற்கொள்ளமாட்டாது என்கிறார், சுதந்திரத்தையே காரணமாகக் காட்டுகிறார். மத்தேயு 5:17-ஐக் காட்டுகிறவர்களுக்கும் ஒன்று: நியாயப்பிரமாணத்தை அழிக்க அல்ல, நிறைவேற்ற வந்தேன் என்று இயேசு சொன்னார், நிறைவேற்றியும் விட்டார். நியாயப்பிரமாணம் கெட்டது என்று நான் சொல்லவே இல்லை. அந்தக் காலத்துக் கிரேக்க வீடுகளில் பிள்ளையைக் கண்டித்துப் பள்ளிக்கு அழைத்துப்போக ஓர் அடிமை இருப்பான். நியாயப்பிரமாணத்தின் வேலை அதுதான் என்கிறார் பவுல். பிள்ளை வளர்ந்த பிறகும் அவன் பிரம்போடு பின்னால் வந்துகொண்டிருக்க முடியாது.

இது யாரோ புதிதாகக் கண்டுபிடித்த உபதேசமும் இல்லை. புறஜாதி விசுவாசிகள், அதாவது யூதரல்லாதவர்கள், நியாயப்பிரமாணத்தைக் கைக்கொள்ள வேண்டுமா என்று கி.பி. 50 வாக்கில் எருசலேமில் அப்போஸ்தலர் கூடி விவாதித்தார்கள். நம் பிதாக்களாலும் நம்மாலும் சுமக்க முடியாத நுகத்தைச் சீஷர் கழுத்தில் ஏன் வைக்கிறீர்கள் என்று பேதுரு கேட்டார். அதே பேதுரு அந்தியோகியாவில் சிலருக்குப் பயந்து, புறஜாதி விசுவாசிகளோடு சாப்பிடுவதை விட்டு விலகினபோது, எல்லாருக்கும் முன்பாகவே பவுல் அவரைக் கண்டித்தார். அப்போஸ்தலருக்கே அந்தப் பயம் வந்திருக்கிறது. உங்கள் சபையில் இருக்கிறவர்களுக்கு வராமல் இருக்குமா?

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் அடக்கத்தில் என் அம்மா அழுதபோது, "விசுவாசி அழக்கூடாதும்மா, சாட்சி கெட்டுடும்" என்று ஒருவர் அவர்களை அடக்கினார். வாழ்நாள் துணையை இழந்தவர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். எந்த நியாயப்பிரமாணத்தில் இருக்கிறது இது? மோசேகூட இப்படி ஒரு கட்டளை கொடுக்கவில்லை. லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு கண்ணீர் விட்டார். ஸ்தேவானை அடக்கம்பண்ணின தேவபக்தியுள்ள மனுஷர் மிகவும் துக்கங்கொண்டாடினார்கள் என்று அப்போஸ்தலர் 8-இல் இருக்கிறது. தெசலோனிக்கேயருக்கு எழுதினது நம்பிக்கையில்லாதவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்பதுதான். துக்கிக்கவே கூடாது என்று யார் சொன்னது? துக்க வீட்டில் உபதேசம் பண்ணுகிறவர்கள் தயவுசெய்து சும்மா உட்காருங்கள். என் அம்மா அதன்பிறகு சபையில் ஜெபக்குறிப்பு கேட்கும் நேரத்தில் வாய் திறப்பதே இல்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வேலை போனதற்கு நிறுவனத்தின் நிலைமை காரணமாக இருக்கலாம், மேலதிகாரி காரணமாக இருக்கலாம். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசுவே கேட்டு, அல்ல என்று பதிலும் சொல்லிவிட்டார். பிறவிக்குருடனைப் பார்த்து யார் செய்த பாவம் என்று சீஷர் கேட்டபோதும் அதே பதில்தான். உபவாசம் இருக்க மனம் இருந்தால் இருங்கள், உடம்பு ஒத்துழைக்காவிட்டால் சாப்பிட்டுவிட்டு ஜெபியுங்கள். சேமிப்பை எடுத்தோ கடன் வாங்கியோ "பாக்கி" தசமபாகம் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். தன் வீட்டாரை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று 1 தீமோத்தேயு 5:8-இல் இருக்கிறது, அதைக் காட்டுங்கள். அப்புறம், உங்களிடம் இதைச் சொன்ன அதே சபையில், வேலை கிடைக்கும்வரை உதவி வேண்டும் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கொடுக்க வேண்டிய கடமை இந்த நேரத்தில் அவர்களுக்குத்தான் இருக்கிறது.