மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை!
கேரவன் தண்ணீர் டேங்க், பம்ப்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து. காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் டிரெய்லரானாலும், வேனை மாற்றிச் செய்த கேரவனானாலும் உள்ளே தண்ணீர் ஏற்பாடு ஒன்றுதான்: ஒரு பிளாஸ்டிக் டேங்க், 12 வோல்ட் டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) பம்ப், கொஞ்சம் ஹோஸ், இரண்டு குழாய். பல கடிதங்கள் ‘எந்த பம்ப் வாங்கலாம்?’ என்றுதான் முடிந்திருந்தன. கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

கேள்வி: புது டிரெய்லர். 80 லிட்டர் டேங்க் நிறையத் தண்ணீர் இருக்கிறது. சுவிட்ச் போட்டால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, ஆனால் குழாயில் வெறும் காற்றுதான் வருகிறது. பம்ப் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். உண்மையா?
– வாசகர், வில்லியனூர்

பதில்: அதைத் தெரிந்துகொள்ள ஒரு பக்கெட் போதும். டேங்கின் வால்வை மூடுங்கள். வால்வு இல்லையென்றால் தண்ணீரை வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் மெத்தை நனையும். டேங்கிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸைக் கழற்றி, அந்த இடத்தில் இரண்டு முழம் ஹோஸை மாட்டி, மறுமுனையைப் பக்கெட் தண்ணீரில் அமுக்குங்கள். சமையல் மேடைக் குழாயைத் திறந்துவைத்து சுவிட்ச் போடுங்கள். அரை நிமிடத்தில் தண்ணீர் கொட்டினால் பம்ப் நன்றாகவே இருக்கிறது. கோளாறு டேங்குக்கும் பம்புக்கும் நடுவில்.

பம்புக்குப் பிறகு உள்ள ஹோஸில் ஓட்டை இருந்தால் தண்ணீர் சொட்டும், உடனே கண்ணில் படும். உறிஞ்சும் பக்கத்து ஓட்டையோ, பம்ப் ஓடும்போது சொட்டுவதே இல்லை. அதன் வழியாகக் காற்று உள்ளே போகும். தண்ணீரை இழுப்பதைவிடக் காற்றை இழுப்பது பம்புக்குச் சுலபம், அதையே இழுத்துக்கொண்டிருக்கும். எனவே அந்தப் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மாட்டுவது வடிகட்டிக் கிண்ணம்தான். பம்பின் வாயில் திருகியிருக்கும் அந்தச் சின்னக் கண்ணாடி போன்ற மூடியைக் கழற்றி வலையைக் கழுவுங்கள். அதன் ரப்பர் ஓ-ரிங்கில் ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தால்கூடக் காற்று புகும். ஹோஸ் கிளிப்புகளை அரைத் திருகு இறுக்குங்கள். மரை இணைப்பானால் டெஃப்லான் டேப்பை மரை ஏறும் திசையிலேயே ஐந்தாறு சுற்றுச் சுற்றி, கையால் இறுக்கினால் போதும். ஸ்பேனர் போட்டால் பிளாஸ்டிக் மரை வெடித்துவிடும்.

ஹோஸ் எது என்றும் பாருங்கள். மீன் தொட்டிக்குப் போடும் மெல்லிய ஹோஸைப் போட்டிருந்தால், வெயிலில் இளகி, பம்ப் இழுக்கும்போது உள்பக்கமாக ஒட்டிக்கொள்ளும். நூல் பின்னல் உள்ள ஹோஸ்தான் போட வேண்டும்.

பக்கெட்டிலிருந்தும் தண்ணீர் வரவில்லையா? புது டிரெய்லர் என்கிறீர்கள். டேங்கில் துளை போட்டபோது விழுந்த பிளாஸ்டிக் சுருள் பம்புக்குள் போயிருக்கும் என்பதே எங்கள் சந்தேகம். ஒரு சுருள் ரப்பர் வால்வுக்கு அடியில் மாட்டினால் வால்வு மூடாது, மோட்டார் சும்மா சுற்றும். பம்பின் தலைப்பக்க ஸ்குரூக்களைக் கழற்றி, உள்ளே இருக்கும் வரிசையை போனில் படம் எடுத்துவிட்டு, வால்வுகளைக் கழுவி அப்படியே திரும்ப மாட்டுங்கள். டேங்கையும் ஒரு முறை அலசி வடித்தால்தான் மறுபடி மாட்டாது. வால்வெல்லாம் சுத்தமாக இருந்தும் தலைக்கும் மோட்டாருக்கும் நடுவில் தண்ணீர் கசிந்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. மெக்கானிக் சொன்னது அப்போதுதான் சரி. அப்போதும் பல பம்புகளுக்குத் தலைப்பாகம் மட்டும் தனியாகக் கிடைக்கும்.

கேள்வி: தேவனாம்பட்டினம் கடற்கரை அருகே வண்டியை நிறுத்தித் தூங்கினால், எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போதே இருபது நிமிடத்துக்கு ஒரு முறை பம்ப் ‘டர்ர்’ என்று இரண்டு விநாடி ஓடி நிற்கிறது. பேய் பிடித்ததா?
– வாசகி, மஞ்சக்குப்பம்

பதில்: பிடித்திருப்பது கசிவு. குழாயை மூடியதும் அழுத்தம் ஏறி, பம்பில் உள்ள பிரஷர் சுவிட்ச் மோட்டாரை நிறுத்துகிறது. எங்கோ சொட்டுச் சொட்டாக அழுத்தம் இறங்க, சுவிட்ச் மறுபடி மோட்டாரைப் போடுகிறது. இறங்குவதற்கு இரண்டே வழி: வெளியே சொட்டலாம், அல்லது தண்ணீரைப் பின்னால் விடாமல் தடுக்க வேண்டிய பம்பின் நான்-ரிட்டர்ன் வால்வு வழியாக டேங்குக்கே திரும்பலாம்.

பிரித்தறிய, பம்பிலிருந்து தண்ணீர் வெளியேறும் ஹோஸில் கைப்பிடியைத் திருப்பி மூடும் ஒரு சின்ன பால் வால்வு (ball valve) போடுங்கள். பம்ப் தானாக நின்றதும் அதை மூடிவிட்டுக் காத்திருங்கள். மூடிய பிறகும் பம்ப் ஓடினால் கோளாறு பம்பின் வால்வில். திறந்து கழுவினாலே பாதி நேரம் சரியாகும். ஓடவில்லை என்றால் குழாய்ப் பக்கம் கசிகிறது. இணைப்பு ஒவ்வொன்றையும் டிஷ்யூ பேப்பரால் ஒற்றுங்கள். விரலுக்குத் தெரியாத ஈரம் அதில் தெரியும். கீசர் இருந்தால் அதன் சேஃப்டி வால்வையும், டாய்லெட் ஃப்ளஷையும் மறக்க வேண்டாம். கண்டுபிடிக்கும் வரை, படுக்கப் போகும்போது பம்ப் சுவிட்சை அணைத்துவிடுங்கள். அதைச் சரிசெய்த பின்னும் அப்படியே செய்யுங்கள் என்போம். நள்ளிரவில் ஒரு ஹோஸ் பிய்த்துக்கொண்டால் டேங்க் முழுவதையும் தரையில் கொட்டிவிட்டுத்தான் பம்ப் ஓயும்.

கேள்வி: குழாயைக் கொஞ்சமாகத் திறந்தால் பம்ப் ‘டக்டக்டக்’ என்று விட்டுவிட்டு ஓடுகிறது.
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: பம்ப் தரும் அளவைவிடக் குழாய் குறைவாக விடுகிறது, அவ்வளவே. குழாய் முனையில் உள்ள சல்லடையைக் கழற்றி வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். நம் போர்வெல் தண்ணீரின் உப்பு அதை அடைத்திருக்கும். அதன் பிறகும் தொல்லை என்றால் பம்புக்கு அடுத்து ஒரு சின்ன அக்யுமுலேட்டர் (அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் கலன்) போடலாம். பிரஷர் சுவிட்சின் ஸ்குரூவைக் கண்டபடி திருப்பாதீர்கள். திருப்பியே ஆக வேண்டுமென்றால் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: வேனில் பம்ப் மாட்டி ஒரு வருடம் ஆகிறது. இப்போது ஷவரில் நூல் போலத்தான் தண்ணீர் வருகிறது. பேட்டரி புதிது, 12.6 வோல்ட் காட்டுகிறது.
– வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: 12.6 என்பது பேட்டரி முனையில். பம்பின் முனையில் எவ்வளவு? ஷவரைத் திறந்து பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே மல்டிமீட்டரைப் பம்பின் இரண்டு வயரிலும் வைத்துப் பாருங்கள். ஓடாத நேரத்தில் அளந்தால் எப்போதும் நல்ல எண்தான் காட்டும்; அதைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

கணக்கு இதுதான். பம்ப் 5 ஆம்பியர் இழுக்கிறது, பேட்டரி 6 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். போக வர 12 மீட்டர் வயர். 0.75 சதுர மி.மீ. வயரானால் வழியிலேயே சுமார் 1.4 வோல்ட் தொலைந்துபோகும். 2.5 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.4 வோல்ட்தான். வீட்டு லைட்டுக்குப் போடும் வயரையே வண்டியிலும் இழுத்துவிடுகிறார்கள். 230 வோல்ட்டில் 1.4 போனால் தெரியாது, 12-இல் போனால் பம்ப் தள்ளாடும்.

ஒரு வருடம் நன்றாக ஓடியதென்றால் வயரைவிட டெர்மினல்மேல்தான் சந்தேகம். கடற்காற்றில் செம்பு பச்சை பூத்துவிடும். ஃபியூஸ் ஹோல்டர், சுவிட்ச், பாடியில் அடித்த எர்த் மூன்றையும் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, மாட்டிய பின் வாசலின் தடவுங்கள். முறுக்கி டேப் ஒட்டிய இணைப்பு இருந்தால் வெட்டி எறிந்துவிட்டு, லக் (வயர் முனையில் மாட்டும் உலோக முனை) வைத்து நசுக்கி, சூட்டில் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் உறை போடுங்கள். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். பம்பின் லேபிளில் எழுதிய ஆம்பியருக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: இரண்டு மாதம் வண்டியை எடுக்கவில்லை. டேங்க் தண்ணீர் நாறுகிறது, கையில் வழவழப்பாக இருக்கிறது. 100 லிட்டர் டேங்குக்கு எவ்வளவு பிளீச்சிங் பவுடர்?
– வாசகி, லாஸ்பேட்டை

பதில்: அந்தத் தண்ணீரை முழுவதும் வடித்துவிடுங்கள். கார்பன் ஃபில்டர் இருந்தால் கழற்றி வையுங்கள். குளோரினை அதுவே குடித்துவிடும். 100 லிட்டருக்கு, பிரிக்காத பாக்கெட்டிலிருந்து எடுத்த 33 சதவீத பவுடர் 15 கிராம் போதும். திறந்துவைத்த பாக்கெட்டில் வீரியம் போயிருக்கும். பவுடரை டேங்கில் நேரடியாகக் கொட்டவே கூடாது. ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் கரைத்து, அரை மணி நேரம் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு பம்பின் வால்வுக்குப் போனால் முதல் கேள்விக்கே திரும்ப வேண்டியதாகும். 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் கிடைத்தால் இந்த வம்பே இல்லை: 100 மில்லி. வாசனை சேர்த்த தரை கிளீனர் ஆகாது.

டேங்கை நிரப்பி, ஒவ்வொரு குழாயையும் குளோரின் வாடை வரும் வரை திறந்துவிட்டு மூடுங்கள். நான்கு மணி நேரம் அப்படியே விட்டு, வடித்து, வாடை போகும் வரை நல்ல தண்ணீரால் அலசுங்கள். உப்புப் படிவத்துக்கு வினிகர் போடும் எண்ணம் இருந்தால் வேறொரு நாளில் செய்யுங்கள். இரண்டும் கலந்தால் நச்சு வாயு கிளம்பும்.

கேள்வி: தங்குமிடத்தின் குழாயை வண்டியின் நேரடி இணைப்பில் மாட்டினால், பம்ப் அணைந்திருக்கும்போதே டேங்க் நிரம்பி வழிகிறது.
– வாசகர், பாகூர்

பதில்: பம்பின் நான்-ரிட்டர்ன் வால்வில்தான் கோளாறு, வெளியிலிருந்து வரும் அழுத்தம் பம்ப் வழியாகவே பின்னால் போய் டேங்கில் விழுகிறது. வால்வைக் கழுவியும் நிற்காவிட்டால் பம்புக்கு அடுத்துத் தனியாக ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள், அம்புக்குறி குழாய்களைப் பார்த்து இருக்கட்டும். பிரஷர் பம்ப் வைத்த விடுதிகளில் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் இல்லாமல் மாட்டவே மாட்டாதீர்கள்.

கேள்வி: டேங்க் காலியானாலும் மீட்டர் ‘பாதி’ என்றே காட்டுகிறது. நிரப்பும்போது வாயிலிருந்து தண்ணீர் எதிர்த்து அடிக்கிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?
– வாசகர், பண்ருட்டி

பதில்: இல்லை. மீட்டர் பொய் சொல்வதற்குக் காரணம் டேங்குக்குள் தண்ணீர் மட்டத்தை உணரும் திருகுகளில் படிந்த உப்பும் பாசியும். மூடி வழியே கை போனால் துடைத்துவிடுங்கள், போகாவிட்டால் மேலே சொன்ன குளோரின் கழுவல் ஓரளவு உதவும். எதிர்த்து அடிப்பது காற்றுக் குழாய் அடைப்பால். தண்ணீர் உள்ளே போக, காற்று வெளியேற வேண்டும். அந்த மெல்லிய குழாயின் வெளி முனையைப் பாருங்கள். பெரும்பாலும் குளவி மண் வைத்துக் கூடு கட்டியிருக்கும். கம்பியால் குத்தி எடுத்துவிட்டு, மெல்லிய கொசுவலைத் துணியைக் கட்டுங்கள். இதை விட்டுவைத்தால் பம்ப் இழுக்கும்போது டேங்க் உள்பக்கமாக ஒடுங்கும்; பக்கவாட்டு மூட்டுகள் விரியும்.