ஆங்கில இலக்கணத்தில் வரும் டிகிரீஸ் ஆஃப் கம்பேரிசன் (ஃபாஸ்ட், ஃபாஸ்டர், ஃபாஸ்டஸ்ட் என்று ஒப்பிடும் வடிவங்கள்) அட்டவணையை மனப்பாடம் செய்யாமல் கற்க முடியுமா?

முடியும். தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டே சொல்கிறேன். அட்டவணையை மூடிவிட்டுச் சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். டால், ஃபாஸ்ட் மாதிரி ஓரசையில் (ஒரே சிலபிளில்) முடிந்தால் கடைசியில் ஈ-ஆர், ஈ-எஸ்-டி ஒட்டும். பியூட்டிஃபுல் மாதிரி மூன்று அசைக்கு நீண்டால் முன்னால் மோர், மோஸ்ட். ஒய்யில் முடியும் ஹேப்பி, ஹேப்பியர் ஆகும். குட், பேட், லிட்டில், மச், ஃபார் போன்ற சிலதை மட்டும் நெட்டுருப் போட்டால் போதும்.

அட்வெர்புக்கும், அதாவது வினையடைக்கும், இதே காதுதான். ஃபாஸ்டர், ஹார்டர் என்று வரும். குவிக்கோடு எல்-ஒய் சேர்ந்து வந்த குவிக்லி என்றால் மோர் குவிக்லி. எர்லி பார்வைக்கு அப்படி இருந்தாலும் எர்லியர்தான்.

ஈரசைச் சொற்களில்தான் எனக்கு ஆறாத கோபம். கிளவர், சிம்பிள், நேரோ, கொயட் எல்லாம் இரண்டு வழியிலும் போகும். கிளவரர் என்றும் எழுதலாம், மோர் கிளவர் என்றும் எழுதலாம். பள்ளித் தேர்வில் நான் கிளவரர் என்று எழுதியதைச் சிவப்பு மையால் சுழித்து, மேலே மோர் கிளவர் என்று எழுதி மார்க்கைக் குறைத்துவிட்டார்கள். அகராதியில் அந்த இடத்தில் விரலை வைத்தபடியே ஆசிரியரிடம் போய் நின்றேன். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை, விடைக்குறிப்பில் இருப்பதுதான் விடை என்று அனுப்பிவிட்டார். ஒரு மார்க்குக்கு இவ்வளவா என்று கேட்பவர்களுக்கு: சரியாக எழுதியதை வகுப்பு முன்னால் தப்பு என்று சொன்னால் அந்தப் பிள்ளை அப்புறம் கையைத் தூக்குமா? ஆசிரியர்களையே குறை சொல்கிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள், எனக்கு ஆங்கிலத்தில் ஆசை வந்ததே வேறொரு ஆசிரியையால்தான்.

'மோர் பெட்டர்' சரியா என்று கீழே யாராவது கேட்பீர்கள். சில நூற்றாண்டுகளுக்கு முன் அப்படி இரட்டையாகப் போடும் வழக்கம் இருந்தது, இன்றைய எழுத்தில் அது பிழை.

இன்னொன்று, 'டாலஸ்ட் பாய்' என்பதை 'நோ அதர் பாய் இஸ் ஆஸ் டால் ஆஸ்' என்று திருப்பிப் போடும் பயிற்சியையே வருடக்கணக்கில் செய்ய வைக்கிறார்கள், உண்மையில் சறுக்கும் இடங்களைத் தொடுவதே இல்லை. ஒரே ஆளின் இரண்டு நிலைகளை ஒப்பிடும்போது ஓரசைச் சொல்லுக்கும் மோர்தான் வரும்: 'ஹி இஸ் மோர் சேட் தேன் ஆங்ரி'. அங்கே சேடர் பொருந்தாது. அதே மாதிரி சீனியர், ஜூனியர், சுப்பீரியர் எல்லாம் லத்தீனிலிருந்தே ஒப்பீட்டு வடிவத்தோடு வந்தவை, ஒப்பிடும்போது அவற்றுக்குப் பின்னால் 'தேன்' (than) போடாதீர்கள், 'டூ' (to) போடுங்கள்.