பழைய போட்டி எஞ்சினை மீன்பிடி வள்ளத்தில் பூட்டினால் வேகம் கிடைக்குமா?

கேள்வி: "முல்லைத்தீவில் 18 அடி பைபர் வள்ளமும் 15 குதிரைவலு மண்ணெண்ணெய் எஞ்சினும் வைத்திருக்கிறேன். 1950களில் செய்யப்பட்ட மெர்க்குரி போட்டி எஞ்சின் ஒன்று விலைக்கு வருகிறது. அதைப் பூட்டினால் மற்றவர்களுக்கு முன்பாக மீனைக் கரைக்குக் கொண்டுவரலாமா?"

பூட்ட வேண்டாம். வள்ளத்தின் பின்பலகையில் பூட்டும் வெளியிணைப்பு எஞ்சின்களைத் திருத்துவது என் தொழில். அந்தப் பழைய மெர்க்குரிகள் மீது எனக்குத் தீராத ஆசை உண்டு. கார்ல் கீக்காஃபர் 1939இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் தொடங்கிய நிறுவனம் அது. 1957இல் ஆறு சிலிண்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி 60 குதிரைவலு எஞ்சினை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். மார்க் 20எச் போன்ற மாதிரிகள் படகுப் போட்டிக்கென்றே செய்யப்பட்டவை. அப்படி ஒன்றைக் கழற்றிப் பூட்டி ஓடவைக்கக் கிடைத்தால் நான் கூலிகூடக் கேட்கமாட்டேன். ஆனால் அது தள்ளியது ஒற்றை ஆள் குனிந்திருக்கும் மெல்லிய பலகைப் படகை.

உங்கள் வள்ளத்தில் இரண்டு பேர், ஈர வலை, ஐஸ் பெட்டி, எண்ணெய்க் கலன்கள், அதற்குமேல் மீனும் இருக்கும். இந்தப் பாரத்தை நகர்த்தப் பெரிய புரொப்பெல்லர் மெதுவாகச் சுற்ற வேண்டும். அதற்காகத்தான் தொழில் எஞ்சின்களில் பற்சக்கர விகிதம் ஏறக்குறைய 2:1 ஆக இருக்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்று ஓடினால் புரொப்பெல்லர் 2500 சுற்றுத்தான். போட்டி எஞ்சினின் கீழ்ப்பகுதியில் விகிதம் ஏறக்குறைய 1:1. சிறிய புரொப்பெல்லர் மிக விரைவாகச் சுழலும். வெறும் படகு பறக்கும். பாரமேற்றிய வள்ளம் முன்பக்கமான அணியத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை உழுதபடியே நிற்கும்.

இதைவிட எனக்குப் பயம் தருவது கரை. அளம்பில், செம்மலைப் பக்கமெல்லாம் நாம் அலையை வெட்டித்தான் வள்ளத்தை இறக்குகிறோம், மணலில்தான் ஏற்றுகிறோம். அந்தப் போட்டி எஞ்சின்களின் கீழ்ப்பகுதியில் கியர் மாற்றும் வசதி இல்லை. கயிற்றை இழுத்து எஞ்சின் பற்றிய கணமே வள்ளம் பாயும். அந்த நேரம் தள்ளிவிட்ட ஆள் இடுப்பளவு தண்ணீரில் பின்பலகையைப் பிடித்தபடி நிற்பான்; புரொப்பெல்லர் அவன் தொடைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். பின்னோக்கி எடுக்கவும் வழியில்லை. இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

எரிபொருள் அடுத்தது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறிய நாள் முதல் ஒவ்வொரு லீட்டரையும் எண்ணித்தான் கடலுக்குப் போகிறோம். போட்டி எஞ்சின் பெற்றோல் இல்லாமல் ஓடாது. செலவு தாங்காமல் யாராவது மண்ணெண்ணெய் கலந்தால், அந்த உயர்ந்த அமுக்கத்தில் எரிபொருள் நேரம் தவறி வெடிக்கும். அப்படி அடிபட்ட பிஸ்டனைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன்: தலையின் விளிம்பு எலி கொறித்ததுபோல் தின்னப்பட்டு, நடுவில் மண் நிறத்தில் புள்ளி புள்ளியாகக் குழிந்திருந்தது. அந்தக் காலத்து எஞ்சினுக்கு மாற்றுப் பிஸ்டனை எங்கே தேடுவீர்கள்? உப்புத் தண்ணீர் பழைய அலுமினிய உடலை அரிப்பதும் சேர்ந்துகொள்ளும்.

உங்களுக்கு வேகம் வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. முதலில் வந்த மீனுக்குத்தான் விலை. வாடைக் காற்று முந்திக்கொண்டால் உயிரே கேள்விக்குறி. அந்த வேகத்தை இருக்கும் எஞ்சினிலேயே தேடுங்கள். கணக்கு எளிது. புரொப்பெல்லர் ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம்தான் பிட்ச். 11 அங்குல பிட்ச் உள்ள புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2500 முறை சுற்றினால் மணிக்கு 42 கிலோமீற்றர் வர வேண்டும். புரொப்பெல்லர் தண்ணீரில் நழுவுவதால் 15, 20 சதவீதம் கழிந்தாலும் 33க்குக் குறையாது. உங்கள் வள்ளம் அதற்கு மிகவும் கீழே நின்றால், பாரத்தோடு எஞ்சின் முழுச் சுற்றைத் தொடவில்லை என்றே சந்தேகிப்பேன். சுற்றுமானி ஒன்றை இரவல் வாங்கிப் பாருங்கள். சுற்றுக் குறைந்தால் பிட்ச் குறைந்த புரொப்பெல்லர் போடுங்கள். ஓர் அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 சுற்று ஏறும். மணலில் உரசி மழுங்கிய இதழும் வேகத்தைத் தின்னும்.

எஞ்சினில் புரொப்பெல்லருக்குச் சற்று மேலே இருக்கும் தட்டு வள்ளத்தின் அடிமட்டத்தோடு ஒட்டி நிற்கிறதா என்றும் பாருங்கள். அதிகம் தாழ்ந்தால் இழுவை. ஐஸ் பெட்டியைப் பின்னுக்கு வைக்காமல் நடுவுக்கு நகர்த்துங்கள். சுனாமிக்குப் பின் அவசரமாக வார்த்துக் கொடுத்த வள்ளம் என்றால், உள்ளே அடைத்த நுரை தண்ணீர் குடித்துப் பாரமேறியிருக்கலாம். பின்பலகையையும் தட்டிப் பாருங்கள். பொத்தென்று ஒலித்தால், போல்ட் துளையில் ஈரம் கசிந்தால், உள்ளிருக்கும் பலகை உக்கிவிட்டது. அதைத் திருத்தாமல் 25 குதிரைவலு எஞ்சினுக்கும் மாறாதீர்கள்.

புரொப்பெல்லரில் பொறித்திருக்கும் எண்களையும் பின்பலகையின் உயரத்தையும் கீழே எழுதுங்கள். எந்த பிட்ச் பொருந்தும் என்று சொல்கிறேன்.