வீட்டில் இருந்தே வேலை: வரி எந்த மாநிலத்துக்கு?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் குடியிருக்கிறாள், வேலை பார்க்கும் கம்பெனி நியூயார்க்கில் உள்ளது. வாரத்தில் இரண்டு நாள்தான் அலுவலகம் போகிறாள். ஆனாலும் முழுச் சம்பளத்துக்கும் நியூயார்க் மாநில வரி பிடிக்கிறார்களாம். மாநில வருமான வரியே இல்லாத டெக்சாஸுக்குக் குடிபோய், இதே வேலையைத் தொடர்ந்தால் வரி நின்றுவிடுமா? சித்திரைத் திருவிழாவை ஒட்டி இரண்டு மாதம் மதுரையில் இருந்தே வேலை பார்க்கவும் நினைக்கிறாள். அதனால் சிக்கல் வருமா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநகர், மதுரை

பதில்: நம் நாட்டில் சம்பளத்துக்கான வருமான வரி மத்திய அரசுக்கே உரியது. திருமங்கலத்து வீட்டில் இருந்தபடி பெங்களூரு கம்பெனிக்கு வேலை பார்ப்பவருக்கும், இலந்தைக்குளம் ஐ.டி. பூங்காவுக்குப் போய்வருபவருக்கும் கணக்கு ஒன்றுதான். இங்கே தொழில் வரி மட்டுமே தனி. அதுவும் அரசியலமைப்பின் 276-ஆம் பிரிவுப்படி ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது. அமெரிக்காவிலோ பெரும்பாலான மாநிலங்கள் தமக்கென்று தனியாக வருமான வரி விதிக்கின்றன.

அங்கே பொதுவான வழக்கம், குடியிருக்கும் மாநிலமும் வேலை நடக்கும் மாநிலமும் வரி கேட்கலாம் என்பதே. நியூயார்க் இதற்கும் ஒரு படி மேலே போகிறது. அலுவலகம் நியூயார்க்கில் இருக்க, ஊழியர் தம் வசதிக்காக வெளிமாநில வீட்டில் இருந்து வேலை பார்த்தால், அந்த நாள்களையும் நியூயார்க்கில் வேலை பார்த்த நாள்களாகவே அது கணக்கிடுகிறது. கம்பெனியின் தேவைக்காகவே வெளியில் இருந்து வேலை பார்க்க நேர்ந்தது என்று நிரூபித்தால்தான் விலக்கு கிடைக்கும். வீட்டில் தனி அறையும் மேசை கணினியும் இருப்பது மட்டும் அதற்குப் போதாது.

உங்கள் மகளுக்கு இப்போது ஓர் ஆறுதல் உண்டு. நியூயார்க்குக்குக் கட்டிய வரியை நியூ ஜெர்சி தன் வரியில் கழித்துக்கொள்ள விடுகிறது. அதனால், வெளிமாநிலத்தவருக்கான ஐ.டி.-203 படிவத்தை முதலில் முடித்துவிட்டு, அதன் பிறகே நியூ ஜெர்சி கணக்கைப் போட வேண்டும். கம்பெனி தரும் டபிள்யூ-2 படிவத்தின் 15-ஆம் கட்டத்தில் மாநிலமும், 16-இல் அம்மாநிலத்துக்கு உரிய சம்பளமும், 17-இல் பிடித்த வரியும் இருக்கும். அவற்றைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

டெக்சாஸுக்குப் போவதால் மட்டும் நியூயார்க் வரி நின்றுவிடாது. சம்பளத்துக்கு மாநில வரி இல்லாத டென்னஸியில் குடியிருந்து, நியூயார்க் நிறுவனம் ஒன்றுக்குப் பெரும்பகுதி நாள்கள் வீட்டில் இருந்தே வேலை பார்த்த ஹக்கபி என்ற கணினி நிரலர் இதே வாதத்தோடு வழக்குத் தொடுத்தார். 2005-இல் நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது; அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது. சாலையும் பள்ளியும் தரும் மாநிலம் ஒன்றாக இருக்க, வரி வேறொரு மாநிலத்துக்குப் போவது நியாயமே இல்லை என்பதுதான் என் கருத்து. ஆனால் சட்டம் இன்று அப்படித்தான் இருக்கிறது. கம்பெனிக்கு டெக்சாஸில் உண்மையான கிளை இருந்து, அங்கே முறைப்படி மாற்றலாகி அந்த அலுவலகத்தின் ஊழியரானால் நிலைமை மாறும். அப்போது நியூயார்க்குக்கு நேரில் போய் வேலை பார்த்த நாள்களுக்கு மட்டுமே அந்த மாநில வரி வரும். மாற்றல் உத்தரவு கைக்கு வருமுன் வீட்டைக் காலி செய்ய வேண்டாம்.

மதுரையில் தங்கும் இரண்டு மாதத்தைப் பொறுத்தவரை, இந்திய அமெரிக்க இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் உதவும். அவர் அமெரிக்காவில் வரிக்கு உட்பட்டு வசிப்பவராக இருந்து, வரி ஆண்டில் இந்தியாவில் 183 நாள்களுக்கு மேல் தங்காமல், சம்பளத்தை இந்தியாவில் இல்லாத நிறுவனமே கொடுத்து, அந்தச் செலவு அதன் இந்திய அலுவலகம் எதன் கணக்கிலும் ஏறாமல் இருந்தால், அந்தச் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. ஆனால் அந்த ஒப்பந்தம் அமெரிக்காவின் மத்திய வரியைப் பற்றியதே தவிர, மாநில வரியைப் பற்றியது அன்று. ஆகவே திருநகரில் அமர்ந்து வேலை பார்க்கும் நாள்களையும் நியூயார்க் தன் கணக்கில்தான் சேர்க்கும். ஊழியர் இங்கிருந்து வேலை பார்ப்பதால் கம்பெனிக்கே இந்தியாவில் வரிப் பொறுப்பு ஏற்படக்கூடும் என்பதால், பயணச் சீட்டு எடுக்குமுன் கம்பெனியின் அனுமதியை எழுத்தில் வாங்கிவிடச் சொல்லுங்கள்.