பட்டையைச் சுற்றினாலே படபடப்பா? பிரஷர் பயம் பற்றிக் கேள்வி பதில்

அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பிரஷர் பார்க்கவே பயம் என்று எழுதியவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். மாத்திரை அளவை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், அது உங்கள் டாக்டர் பாடு.

சிஸ்டர், ஆஸ்பத்திரியில் 160/95, வீட்டில் 128/80. எதை நம்புவது?

இரண்டுமே அந்தந்த நேரத்து உண்மைதான் சார். 1983-ல் இத்தாலியில் மான்சியா என்ற டாக்டரின் குழு ஒரு சோதனை செய்தது. நோயாளிகளின் ரத்தக் குழாய்க்குள்ளேயே கருவியை வைத்துத் தொடர்ந்து பதிவு செய்துகொண்டிருக்கும்போது ஒரு டாக்டரை பிரஷர் பார்க்க அனுப்பினார்கள். அவர் வந்த நாலு நிமிடத்துக்குள் மேல் எண் சராசரியாக 27 ஏறியது, அவர் பக்கத்தில் இருக்கும்போதே மெல்ல இறங்கியும் விட்டது. அதனால் இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அதற்காக 'வெறும் பயம்தான்' என்று விட்டுவிடவும் கூடாது, இப்படி இருப்பவர்களில் பலருக்குப் பின்னால் நிஜமாகவே பிரஷர் வருகிறது. ஆஸ்பத்திரியில் 140/90 வரம்பு என்றால் வீட்டில் 135/85 என்று வைத்துப் பாருங்கள், வீட்டுக் கணக்கை எழுதி டாக்டரிடம் காட்டுங்கள்.

அக்கா, டோக்கன் நம்பர் கூப்பிட்டாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. என்ன செய்ய?

ஓ.பி.யில் நான் தினமும் பார்த்த காட்சி இது. நம்பர் கூப்பிட்டதும் வேகமாக வந்து, ஸ்டூல் நுனியில் உட்கார்ந்து, பையை மடியில் இடுக்கிக்கொண்டு, ஜாக்கெட் கையைச் சதை பிதுங்க மேலே சுருட்டி, பஸ் கிடைக்காத கதையைச் சொல்லிக்கொண்டே கையை நீட்டுவார்கள். பேசினால் ஏறும், கை தொங்கினால் ஏறும், கால்மேல் கால் போட்டால் ஏறும், சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலும் ஏறும். இதில் பயத்தின் பங்கு எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்வது? லூசான கை வைத்த உடை போட்டுப் போம்மா. "எனக்குப் பதற்றமா இருக்கு, அஞ்சு நிமிஷம் உட்கார்ந்துட்டு வரேன் சிஸ்டர்" என்று வாய் விட்டுச் சொல், எந்த நர்ஸும் கோபப்பட மாட்டாள் (கூட்ட நாளில் கொஞ்சம் முறைப்பாள், கண்டுகொள்ளாதே). முதுகைச் சாய்த்து, பாதத்தைத் தரையில் பதித்து, கையை நெஞ்சு மட்டத்துக்கு மேசையில் வைத்து, மூச்சை மெதுவாக வெளியே விடு. எண்ணைப் பார்க்காதே. முதல் தடவை கூடுதலாக வந்தால், கிளம்பும் முன் இன்னொரு தடவை பார்க்கச் சொல்.

மெஷின் வாங்கியதிலிருந்து நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், பார்க்கப் பார்க்க ஏறுகிறது.

ஏறாமல் என்ன செய்யும் தம்பி? மெஷினை பீரோவில் வைத்துப் பூட்டு. காலையில் மாத்திரைக்கும் காபிக்கும் முன்னால், ராத்திரி படுக்கப் போகும் முன்னால், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு தடவை, அவ்வளவுதான். ஒரு வாரம் எழுதி, முதல் நாளைத் தள்ளிவிட்டு, மீதிக்கு சராசரி போடு. தனித்தனி எண்ணுக்குப் பெரிய மதிப்பில்லை. படபடப்பு வந்ததும் 'எவ்வளவுன்னு பார்ப்போம்' என்று எடுக்கவே கூடாது. அப்புறம், பட்டை உன் கைக்குச் சரியான அளவுதானா பார், பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் கூடுதலாகத்தான் காட்டும்.

24 மணி நேர மெஷின் கட்டச் சொல்கிறார்கள். தாங்குவேனா?

கையில் கட்டிக்கொண்டே இருந்தால் பகலும் இரவும் அவ்வப்போது தானாகவே இறுக்கி பிரஷர் பார்க்கும் மெஷின் அது. முதல் சில தடவை ஒவ்வொரு இறுக்கலுக்கும் திடுக்கிடும், அப்புறம் பழகிவிடும். தூக்கம் கொஞ்சம் கெடும், மறைக்கவில்லை. இறுக்கும்போது கையை அசைக்காதீர்கள், அசைத்தால் சில மெஷின் திரும்பவும் இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். பயந்து ஏறுகிற பிரஷரா, நிஜ பிரஷரா என்று பிரித்துக் காட்ட இதைவிட நல்ல வழி இல்லை.

வீட்டில் நார்மல்தானே, மாத்திரையை நிறுத்திவிடவா?

கூடாது. அது மாத்திரையால் வந்த நார்மலாக இருக்கலாம். டாக்டரைக் கேளுங்கள்.

திடீரென்று 180 காட்டினால்?

ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து மறுபடி பாருங்கள். அப்போதும் 180/120-க்கு மேல் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் இழுப்பது, பார்வை மங்குவது என்று ஏதாவது இருந்தால் மறுபடி பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே 108.

இடது கையா, வலது கையா அக்கா?

முதல் தடவை இரண்டிலும் பாருங்கள். எதில் கூடுதலோ, இனி எப்போதும் அந்தக் கைதான்.