கிரீம் ட்யூப்பையும் கொண்டு போங்கள்

கேள்வி: சென்னையிலிருந்து வேலைக்காகக் கொழும்பு வந்து 4 மாதம். இடுப்பில் வட்டவட்டமாக அரிப்பு. ஊரிலிருந்து கொண்டுவந்த கிரீமைப் பூசினால் அடங்குகிறது, விட்டால் பரவுகிறது. இங்கே தோல் டாக்டரை எப்படிப் பார்ப்பது?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: தனியார் மருத்துவமனையில் தோல் வைத்திய நிபுணரை 'சனல்' பண்ண வேண்டும், அதாவது முன்பதிவு. தொலைபேசியிலோ இணையத்திலோ செய்யலாம். கிடைப்பது ஓர் இலக்கம். டாக்டர் வந்த பிறகுதான் வரிசைப்படி கூப்பிடுவார்கள், பொறுமை வேண்டும்.

அதைவிட முக்கியம் அந்தக் கிரீம். ட்யூப்பில் உள்ள சிறிய எழுத்தைப் படியுங்கள். குளோபெட்டசோல், பெக்லோமெத்தசோன் என்றிருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்பையும் அரிப்பையும் அமுக்கும். படர்தாமரையாக இருந்தாலோ பூஞ்சை அடியில் தாராளமாக வளரும். வட்டத்தின் விளிம்பும் மங்கிப்போவதால் டாக்டருக்கே அடையாளம் தெரியாமல் போகலாம். ஆகவே ட்யூப்பையே எடுத்துப் போங்கள். இந்திய வணிகப் பெயரை மட்டும் சொன்னால் இங்கே புரியாமலிருக்கலாம். அன்று எதையும் பூசாதீர்கள். விளிம்பில் செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டு, பூஞ்சை இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்கள், வலிக்காது.

ஸ்டீராய்டை நிறுத்தியதும் சில நாள் அரிப்பு கூடும். பயந்து மறுபடி பூசிவிடாதீர்கள், தயவுசெய்து. வீட்டில் வேறு யாருக்கும் அரிப்பு இருந்தால் அவரையும் காட்டுங்கள். துவாயைப் பகிர வேண்டாம்.